எந்த ரூம்பு

இந்தக் காலத்தில் ஆளின் முகத்தை யார் பார்க்கிறார்கள், எல்லாரும் டிவிப் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள் என்று துலுக்காணம் முணுமுணுக்கிறார். ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், லாரி அடித்து நான்கு மாதமாகக் கண் திறந்தும் நினைவில்லாமல் கிடக்கும் மகன் உதயாவை ஸ்கேன் மெஷின் மார்பு வரை விழுங்கியிருக்கிறது. படகு என்ஜின் மாதிரி அடித்துக்கொள்கிறது அது. வெளியே நீட்டியிருக்கும் கால்களில் கிளிஞ்சல் கிழித்த பழைய தழும்புகள் வெள்ளை விளக்கில் பளபளக்கின்றன. டாக்டரம்மா மைக்கை நோக்கிக் குனிகிறார். "உதயா, உங்க வீட்டுல ஒவ்வொரு ரூமா நடந்து போற மாதிரி நினைச்சுப் பாருங்க." நினைத்தால் திரையில் தெரியும் மூளையில் செம்மஞ்சள் பூக்குமாம், பூக்காவிட்டால் நாளைக்கே வீட்டுக்குத் தூக்கிப்போகச் சொல்வார்களாம். மூன்று முறை சொல்லியாயிற்று. திரை சாம்பலாகவே கிடக்கிறது. "ஒண்ணும் தெரியல, பெரியவரே." "இன்னாம்மா தெரியணும்? எங்க வூடே ஒரே ரூம்புதான். எந்த ரூம்புக்குப் போவான் அவன்? கட்டுமரத்தத் தள்ளச் சொல்லு, வலை வீசச் சொல்லு. அப்பால பாரு." "எல்லாருக்கும் இதே கேள்விதான் கேக்கணும். டெஸ்ட் அப்படி." டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றித் தாளில் எழுதத் தொடங்குகிறார். மெஷின் அடங்குகிறது. அந்தக் கால்கள் அசையவே இல்லை. துலுக்காணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். "எழுதிக்கோ. கேட்டது தப்பு, எம்புள்ள தப்பில்ல." தாளைத் திரும்பியும் பார்க்காமல், ஸ்ட்ரெச்சர் வரும் கதவை நோக்கி நடக்கிறார்.