இரண்டாம் நாள் ரத்தம்

"முந்தாநாளு மாலை கட்ட வரமுடியாது, விலக்குன்னு சொல்லிவிட்டவ, நேத்து தேவி நடைக்கு முன்னாலகூடி நடந்து போறா! ஒம்ம மருமவளாக்கும் அண்ணே!"

சொன்னவர் கோயில் கமிட்டிப் பொருளாளர் உண்ணி. ஜன்னலோர நாற்காலியில் அவர். எதிரே சோபாவில் வீட்டுக்காரரும் கமிட்டிச் செயலாளருமான சோமன். பக்கத்தில் மகன் அஜேஷ். சோமனின் மனைவி, மாதர் சங்கத் தலைவி விஜயம்மா, சாப்பாட்டு மேசையருகே. மருமகள் பிரசீதா மட்டும் உட்காரவில்லை.

சோமனுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. விலக்கான பெண்கள் நான்கு நாள் கோயில் முன்னாலுள்ள ரோட்டில் போகக் கூடாது. அதை ஊரில் ஒருத்திவிடாமல் நடத்திக் காட்டியவள் விஜயம்மா. அதில் அவருக்கு அத்தனை பெருமை. கடைசியில் சொந்த வீட்டிலேயா!

"எதுக்கு மக்கா போனே?"

"நெய்யாற்றின்கரை லேபுக்கு மாமா. பிள்ளை உண்டாவாததுக்கு ஹார்மோன் பாக்கணும்னா ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ ரத்தம் எடுக்கணும். நாம மூணு தடவையும் அஞ்சாம் நாள் குளிச்சிட்டு போயி, லேபுல ரெண்டாம் நாளுன்னு பொய் சொன்னோம். அந்த ரிசல்ட் ஒண்ணும் கொள்ளாதுன்னு டாக்டர் சொல்லிட்டா. இனி அடுத்த மாசமும் ரெண்டாம் நாள் எடுக்கணும்."

"டாக்டரு தேவிக்கும் மேலயோ?" உண்ணி துள்ளினார். "தனியா இல்ல அண்ணே, கூட ஒருத்தி உண்டு. குடையால மூஞ்சிய மறைச்சிட்டு, இவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறா. ஆரு அவ? பேரு சொல்லு!"

பிரசீதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கண்டீங்களா, இப்ப ஊமை! ரெண்டு பேரும் இனி போவமாட்டோம்னு எழுதித் தரணும். இல்லேன்னா இந்த வீட்டு வழிபாடு ஒண்ணும் கோயில்ல எடுக்கமாட்டோம்."

அஜேஷ் எழுந்தான். "இஞ்ச பாரும், அவளுக்க ட்ரீட்மெண்ட நிப்பாட்ட நீரு ஆரு?"

"நீ இரி மக்கா" என்றாள் விஜயம்மா. "கமிட்டிக்கு எழுத்துதானே வேணும் உண்ணி? நான் எழுதுறேன்."

"அக்கா எழுதுனா பின்ன என்ன பேச்சு! நியாயம் தெரிஞ்ச ஆளாக்கும்."

விஜயம்மா தாளை எடுத்தாள். தேதி, பெறுநர், பொருள் என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தது.

"அம்மா, வேண்டாம்மா..." பிரசீதா மேசையருகே வந்தாள்.

"மிண்டாதே, பேசாம இரு."

செயலாளர் என்ற முறையில் சோமன் கடிதத்தை வாங்கி வாசித்தார். ஒரு நிமிடம் மனைவியையே பார்த்தார். பிறகு கீழே தன் கையெழுத்தையும் போட்டு, உறையிலிட்டு, பசை தடவி ஒட்டி, நிமிர்ந்த தலையோடு உண்ணியிடம் நீட்டினார்.

"கொண்டு போ உண்ணி. கமிட்டியில சத்தமா வாசிக்கணும், கேட்டியா?"

உள்ளே இருந்தது மூன்றே வரி: 'என் மருமகள் அடுத்த மாதமும் இரண்டாம் நாள் இதே வழியாகத்தான் ரத்தம் கொடுக்கப் போவாள். கூட நானும் போவேன். நேற்று குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'