மூச்சு வாங்கும் இடம்

"என்னங்க, மூச்சு வாங்குது. கொஞ்சம் நில்லுங்க."

முன்னால் ஏறிக்கொண்டிருந்த கணவர் சட்டென்று நின்றார். அவள் இடுப்பில் கைவைத்து, சரிவின் இடப்பக்கப் புதரைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டாள். அவர் பைனாகுலரைத் தூக்கி அதே புதரைத் துழாவினார்.

"நீல ஈப்பிடிப்பான், ஆண்," என்று நோட்டில் குறித்துக்கொண்டார். அன்றைக்கு அது முப்பத்தோராவது பறவை.

பறவைக் கணக்கெடுப்புக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இந்த வருடம் புதிதாக வந்திருந்த ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா கீழே கூடாரத்துலயே இருக்கட்டுமே சார். வேகமா போயிடலாம்."

"அவ இல்லாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

வனக்காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இந்தம்மா உச்சிக்கு வந்து சேர்வதற்குள் அங்கே முட்டையிட்ட பறவை பேரன் பேத்தி எடுத்துவிடும் என்று ஆறு வருடமாகக் கேலி பேசுகிறவர் அவர். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உண்மையில் அவளுக்கு மூச்சே வாங்கவில்லை. இன்னும் இரண்டு மலை ஏறச் சொன்னாலும் ஏறுவாள். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தவள். ஒரு 'ஹலோ'வை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பறவைகள் எம்மாத்திரம்? அவருக்கோ அந்த முப்பது வருடமும் நெசவு மில்லில், தறிகளின் இரைச்சலுக்கு நடுவே போனது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில், தலைமாட்டில் அலாரம் கீச்சிட்டும் அவர் அசையாமல் படுத்திருந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. பேச்சு கேட்கிறது, கீச்சுக்குரல் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை. அன்றிலிருந்துதான் மலையேறினால் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

மலைத்தொடரிலேயே அதிகப் பறவைகள் பதிவாகும் பாதை இதுதான். ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டும்போது அவர் நிமிர்ந்து உட்காரும் அழகைப் பார்க்கவே அவளுக்கு எத்தனை கேலியும் தாங்கும். மற்றபடி, அவர் படிவத்தை நிரப்பி உறையில் போட்டு ஒட்டுவதை அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் இந்த வருடம் புதுவிதி வந்திருந்தது. அறுபது தாண்டிய கணக்கெடுப்பாளர்களுக்குக் காது பரிசோதனை. தேறாவிட்டால் பாதை கைமாறிவிடும். பாதை போனால் மனுஷன் பாதி ஆளாகிவிடுவார்.

கூடாரத்துக்குத் திரும்பியதும் ஒருங்கிணைப்பாளர் காது பரிசோதிக்கும் கருவியை மேசைமேல் வைத்தார். கணவருக்குச் சளி பிடித்திருக்கிறது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு சளியும் இல்ல," என்றார் கணவர், ஷூவைக் கழற்றியபடி. பிறகு ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, "எனக்கு எதுக்குங்க சோதனை? கணக்கெடுக்கிறவங்கன்னு என் பேரு இருக்கான்னு முதல்ல பாருங்க."

எரிச்சலோடு கோப்பைத் திறந்த ஒருங்கிணைப்பாளர் படிவங்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு ஹெட்போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீங்க மாட்டிக்குங்கம்மா. சோதனை உங்களுக்குத்தான்."

அவள் படிவங்களை வாங்கிப் பார்த்தாள். கணக்கெடுத்தவர் என்ற இடத்தில் ஆறு வருடமும் அவள் பெயர். பை தூக்கியவர் என்று அவர் பெயர். அதற்குக் கீழே, குறிப்பு என்ற இடத்தில், அவருடைய குண்டுக் கையெழுத்தில் ஒரே வரி:

'இவருக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ, அங்கே பறவை இருக்கும்.'