கடைசி அறைப் பெரியவர்

"எனக்கு இந்த ஆப்பரேஷன் வேண்டாம், ஏளா. துணிமணியை எடுத்து வை. வீட்டுக்குப் போவோம்."

தாணுலிங்கம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேடினார். தூத்துக்குடியில் விசைப்படகுக்காரர்களுக்கு வடமும் வலையும் விற்கிறவர். கடையில் அவர் போடுகிற சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்கும் என்று கேலி பேசுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அந்தச் சத்தம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

விடிந்தால் ஆபரேஷன். குடலின் அடியில் கட்டி. அதை வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் மலம் வெளியேற வயிற்றின் இடப்பக்கம் ஒரு வழி வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிடுவார்கள். ஆயுளுக்கும் அந்தப் பையோடுதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியிருந்தார்.

"கட்டி உள்ளேயே கிடந்தா ஆளைக் கொன்னுபோடும். டாக்டர் சொன்னது காதுல விழுந்துதுல்லா?" என்றாள் மனைவி சீனித்தாய்.

"கொல்லட்டும். வயித்துல பீப்பையைக் கட்டிக்கிட்டு நான் கல்லாவுல உக்காரவா? வாரவன் போறவன் எல்லாம் மூக்கைப் பிடிக்கதுக்கா?"

சீனித்தாய் சண்டைக்குப் போகவில்லை. பிளாஸ்க்கை நிதானமாக மூடினாள். இவரோடு வாதாடி ஜெயித்ததாக அவளுக்கு நினைவில்லை.

"கடைசி ரூம்ல இருக்கவியளுக்கும் இதே ஆப்பரேஷன்தான். இதே பைதான். வெந்நீர் வாங்கப் போனப்ப பாத்தேன். அவிய ஒண்ணும் வீட்டுக்கு ஓடணும்னு நிக்கல."

"யாரு அது?"

"திருச்செந்தூர்க்காரவிய. பானுப்ரியான்னு ஒரு பிள்ளை கூட இருந்து பாக்குது. 'மாமா, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, இந்தா முடிஞ்சிட்டு'ன்னு சொல்லிக்கிட்டே பையை மாத்துது."

சட்டையை எடுத்த தாணுலிங்கத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. மருமகள் மாமனாருக்குப் பை மாற்றுவதா? தன் மருமகள் காபி கொண்டுவந்தால்கூட வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்காருகிற ஆள் அவர்.

"அந்த மனுஷனுக்குக் கூச்சமா இருக்காதா?"

"கூச்சமா? நான் நிக்கேன், நர்ஸ் நிக்கா. யாரையும் சட்டை பண்ணல. காலை நீட்டிப் படுத்து ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தாவ."

"வயசு எத்தனை இருக்கும்?"

"நான் கேக்கல. வாயில பல்லு கிடையாது."

"என்ன சாப்பிடுதாராம்?"

"தண்ணியாத்தான் குடிக்காவ. குடிச்ச கையோட தூக்கம்."

தாணுலிங்கம் பெருமூச்சு விட்டார். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவர் கண்ணை மூடியதில்லை. மூடினால் பைதான் தெரிந்தது.

"வலிக்குன்னு ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை பேசல."

"பெரிய ஆளுதான். அந்தக் காலத்துல சங்கு குளிச்ச ஆளா இருக்கும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடிக்கடலுக்குப் போய் வந்தவனுக்குத்தான் இந்தத் தைரியம் வரும்."

சீனித்தாய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இருக்கும், இருக்கும். மாசக்கணக்குல தண்ணிக்குள்ள கிடந்தவியதான்."

தாணுலிங்கம் கட்டிலை விட்டு இறங்கினார். பிறகு சட்டையை மாட்டினார். துணிப்பையை அவர் தொடவில்லை.

"எங்கன கிளம்பிட்டிய?"

"அந்தப் பெரியவரை ஒரு எட்டு பாத்துட்டு வாரேன். எப்படி மனசைத் தேத்துனாருன்னு கேக்கணும்."

வராந்தா நீளமாக இருந்தது. கடைசி ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்களும், அதற்கு அப்பால் அந்தி வெயிலில் கடலும் தெரிந்தன. எத்தனையோ வருஷமாகப் பார்த்த கடல்தான். அதன் அடிக்கு வெறும் மூச்சோடு இறங்கினார்களே என்று நினைத்தபோது இன்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படி ஒரு மனிதரின் முன்னால் போய் நின்று, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கடைசி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். கோயில் வாசலைத் தவிர வேறெங்கும் அவர் இப்படிப் பக்தியோடு செருப்பைக் கழற்றியதில்லை.

பானுப்ரியா எழுந்து நின்றாள். சின்னப் பெண். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி. நீங்க வருவியன்னு மதினி சொன்னாவ."

கட்டிலில் ஆளைக் காணவில்லை. நடுவில் ஒரு பழைய நூல் சேலை மட்டும் சுருண்டு கிடந்தது.

"உங்க மாமனாரு எங்கம்மா? ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவளா?"

"அவிய போன வருஷமே தவறிட்டாவளே, அண்ணாச்சி."

தாணுலிங்கம் திகைத்து நின்றார். "அப்ப 'மாமா'ன்னு நீ யாருக்கும்மா பையை மாத்துத?"

"மாமா பேரைத்தான் இவியளுக்கு வச்சிருக்கோம். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரல" என்ற பானுப்ரியா சேலையின் மடிப்பை மெல்ல விலக்கினாள். "வெளிக்குப் போற வழி இல்லாமப் பிறந்துட்டாவ. பிறந்த மறுநாளே ஆப்பரேஷன்."

உள்ளங்கை அகலம்கூட இல்லாத வயிற்றில் ஒரு பையை ஒட்டிக்கொண்டு, போன வாரம் பிறந்த அந்தப் பெரியவர் இரண்டு காலாலும் காற்றை உதைத்துக்கொண்டிருந்தார்.

தாணுலிங்கம் தன்னை அறியாமல் கைகூப்பினார். "நாளைக்கு ஆப்பரேஷன் முடிஞ்சதும் உம்மைப் பாக்க வாரேன், பெரியவரே."