ஹெர்ரிங் வராத கோடை

படகு வந்துவிட்டது.

ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவள் ஓடினாள். மற்றது கையில் இருந்தது.

ஐஸ்லாந்தின் வடகரை. 1968, ஆகஸ்ட். அந்தக் கோடையில் துறைக்கு வந்த முதல் படகு.

வீட்டில் கணவன் ஸ்டெய்ந்தோர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். ஸ்வீடனில் கப்பல் கட்டும் வேலை. பத்து மணிக்குத் தலைநகருக்குப் பேருந்து.

"மீன் வந்துட்டா நான் போகல" என்று நேற்றுச் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுடைய பாட்டன் காலத்தில் அந்த ஊரில் ஆடும் பசியும்தான். ஹெர்ரிங் மீன் வந்த பிறகுதான் விளக்கு எரிந்தது, பள்ளிக்கூடம் எழும்பியது. நாடே அந்த மீனை விற்றுத்தான் தலை நிமிர்ந்தது.

இப்போது கடல் கைவிரித்துவிட்டது. அவள் தெருவில் மட்டும் ஏழு வீடுகள் பூட்டிக் கிடந்தன.

துறையில் நாற்பது பெண்கள். ஆளுக்கொரு பீப்பாய், ஆளுக்கொரு கத்தி.

படகிலிருந்து இறங்கியவை எட்டே கூடைகள்.

பாய்ந்து ஒரு கூடையின் காதைப் பிடித்தாள். மறு காதைப் பக்கத்து வீட்டு ஹல்பேரா பிடித்திருந்தாள். இருபது வருடம் அருகருகே நின்று மீனுக்கு உப்பிட்டவர்கள்.

இருவரும் விடவில்லை.

கூடை கவிழ்ந்தது.

மண்டியிட்டு ஆளுக்குப் பாதியாக அள்ளினார்கள்.

"எல்லாம் பொடிசுடி" என்றாள் ஹல்பேரா. "ஒரு தடவகூட முட்ட போட்டிருக்காது."

அவள் ஒரு மீனை எடுத்தாள். கத்தி இறங்கியது. குடலை எடுத்தாள், அடுக்கினாள், உப்பைத் தூவினாள். மறுபடி குடல், அடுக்கு, உப்பு.

தீர்ந்துவிட்டது.

பீப்பாய்க்குள் கையை விட்டாள். தோள்வரை போயும் விரலில் மீன் தட்டவில்லை.

பீப்பாய் நிரம்பினால் குரல் கொடுக்க வேண்டும், ஆள் வந்து உருட்டிப்போவான். துறையின் வழக்கம் அது. நல்ல வருடங்களில் அந்தக் கூச்சல் மலைச்சரிவின் கடைசி வீடுவரை கேட்கும்.

கடைசி வீடு அவளுடையது. ஸ்டெய்ந்தோர் பெட்டி கட்டும் அறையின் சன்னல் திறந்துதான் இருந்தது.

அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பீப்பாய்!"

உருட்டிப்போக யாரும் வரவில்லை. நாற்பது பேரும் கை ஓய்ந்து நின்றார்கள்.

ஹல்பேரா எட்டி அந்தப் பீப்பாய்க்குள் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். மேலே, சரிவைப் பார்த்தாள்.

பிறகு செதில் ஒட்டிய கைகளை வாயருகே குவித்துக்கொண்டு, தானும் கத்தினாள்.

"பீப்பாய்!"