அக்கா எண்ணிய முந்நூறு

சலைன் இயந்திரம் திடீரென்று அலறுகிறது. நர்ஸ் ஓடிவந்து, மடங்கிக் கிடக்கும் குழாயை நீவிவிட்டுப் போகிறாள். ஜன்னல் வெயில், கட்டிலில் கிடக்கும் தங்கையின் வீங்கிய தொடைகள்மேல் விழுகிறது. கீழே தொங்கும் பையில் சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் சொட்டுகிறது. தசை சிதைந்து ரத்தத்தில் கலந்துவிட்டதாம். சிறுநீரகம் தப்புமா என்று தெரிய இரண்டு நாளாகுமாம். கோச் தன் கையாலேயே அவளுக்குத் தண்ணீர் புகட்டுகிறார். கால்மாட்டில் நிற்கும் அக்காவுக்கு வயிறு எரிகிறது. எட்டு வருஷமாக அவரிடம் ஓட்டம் பழகுகிறவள் அவள். ஒரு நாளாவது இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரா? போன வருஷம் வந்த தங்கைக்கு ரிலே அணியில் கடைசியாக ஓடி முடிக்கும் கௌரவம் வேறு!

"பழக்கப்பட்ட உடம்பு. முந்நூறு தடவை உட்கார்ந்து எழுந்து ஸ்குவாட் போட்டதுக்கு இவ்வளவு மோசமாகாதே! யார் எண்ணினது?" என்கிறார் டாக்டர்.

"போடுறவ எண்ணக் கூடாதுங்கிறது கோச்சோட சட்டம், டாக்டர். அக்காதான் எண்ணினா," என்று தங்கை சிரிக்கிறாள். "கணக்குல அவ புலி. நான்தான் மக்கு."

"மக்கு இல்லம்மா, நீ சிங்கம்," என்று கோச் அவள் தலையைத் தடவுகிறார்.

அக்காவின் விரல்கள் கட்டில் கம்பியை இறுக்குகின்றன.

"இருநூறு வந்ததும் மறுபடி நூறுலேர்ந்தே எண்ணினேன், டாக்டர். ரெண்டு தடவை. வேணும்னேதான்."