ஆறு நிமிஷம்

"நின்னுடுச்சா? மறுபடியும் நின்னுடுச்சா? உருப்பட்ட மாதிரிதான்!"

மேனேஜர் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு போட்ட சத்தம் புகையிலைத் தொழிற்சாலையின் கடைசி மூலை வரை கேட்டது. அங்கே வேலை செய்த பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சைரன்'.

நின்றுபோனது, இலையிலிருந்து காம்பைப் பிரித்தெடுக்கும் பெரிய மிஷின். மணிக்கு ஒரு தரம் நிற்கும். சரியாக ஆறு நிமிஷம். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி தானாக ஓடும்.

இலை ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த முப்பது பெண்களும் முகத்துணியை அவிழ்த்தபடி வாசலுக்கு ஓடினார்கள்.

"ஓடுங்க, ஓடுங்க! மிஷின் படுத்துக்கிட்டா உங்களுக்குக் கொண்டாட்டம். அந்த என்ஜினீயரம்மா எங்கே? மூணு வாரமா மிஷினையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. முறைச்சா ஓடிடுமா?"

மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்ற என்ஜினீயரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைமை ஆபீஸில் அவளை அனுப்பும்போதே சொல்லிவிட்டார்கள். "பழுதைச் சரி பண்ணிட்டா உங்க ஊர்க் கிளைக்கே மாற்றல். இல்லேன்னா சரியாகுற வரைக்கும் அங்கேயே இருங்க."

ஊரில் கணவனும் ஆறு வயது மகளும்.

மத்தியானம் அவள் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். தலைமை ஆபீஸிலிருந்து வந்தவள், வேவு பார்க்கத்தான் வந்திருப்பாள் என்று எல்லோருக்கும் எண்ணம். எதிர்மூலையில் மேனேஜரும் தனியாகத்தான் சாப்பிடுவார். நடுவில் முப்பது பேரின் பேச்சும் சிரிப்பும்.

சாயங்காலம் வாடகை அறைக்கு வந்து விளக்கைப் போட்டதும் போன் வரும்.

"அம்மா, மிஷின் சரியாயிடுச்சா?"

"இன்னும் இல்லடா கண்ணு."

"அப்பா டிவியைத் தட்டுவாரே, அது மாதிரி ஓங்கித் தட்டிப் பாரேன்!"

"நாளைக்குத் தட்டிப் பார்க்கிறேன்."

"சரியானதும் வந்துடுவே இல்ல?"

"அன்னைக்கே வந்துடுவேன்."

போனை வைத்தபிறகு அந்த அறை இன்னும் பெரிசாகிவிடும்.

அடுத்த நாள் மிஷின் நின்றபோது அவள் மிஷினைப் பார்க்கவில்லை. தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். மேலே தூசி உறிஞ்சுகிற விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் நின்றால் அதுவும் கூடவே நிற்க வேண்டும். இதுவோ இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றியது.

விசிறியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். சுவரோரம் எண்ணெய் டப்பாக்களுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரப் பெட்டி. வரைபடத்தில் இல்லாத பெட்டி. உள்ளே கடிகாரம் வைத்த சுவிட்ச். மணிக்கு ஒரு தரம் மிஷினை நிறுத்தும், விசிறியை முடுக்கும், ஆறு நிமிஷம் கழித்துத் திருப்பி ஓட்டும். கையால் செய்ததுதான். ஆனாலும் என்ன நேர்த்தி!

இது பழுதே இல்லை. யாரோ யோசித்து, கண்டுபிடித்து, மெனக்கெட்டு மாட்டிய வேலை.

ஒரே ஒரு ஒயரை வெட்டினால் போதும். நாளைக்கே ஊருக்குப் போகலாம்.

கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தபோது வாசல் பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள். எல்லோரும் 'வாயாடி' என்று கூப்பிடுகிறவள்.

"என்ன மேடம், கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"தெரியலை... இது நிக்காம ஓடினா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

வாயாடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"மிஷின் வந்த புதுசுல நிக்காமதான் மேடம் ஓடிச்சு. மத்தியானத்துக்குள்ள யாராவது ஒருத்தி தலை சுத்தி பெல்ட் மேலேயே சாய்ஞ்சிடுவா. அந்தத் தூசி அப்படி. அப்புறம் என்ன கோளாறோ, நிக்க ஆரம்பிச்சுது. வெளியில போய் நாலு மூச்சு இழுத்துட்டு வரோம். அதுக்குள்ள உள்ளேயும் தூசி அடங்கிடுது. ஆண்டவனாப் பார்த்துப் பண்ணின பழுது!"

என்ஜினீயரம்மா பெட்டியை மூடினாள்.

அன்று சாயங்காலம் போனில் மகளிடம் என்ன பேசினாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. கண்ணை மூடிக் கடவுளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். 'என் குழந்தையை நீ பார்த்துக்கோப்பா.' அப்புறம் விளக்கடியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய் அறிக்கை எழுதினாள்.

காலையில் மேனேஜர் அதை உரக்கப் படித்தார்.

"'தொடர்ந்து ஓடினால் பிளேடு சூடாகி இலை கருகும். எனவே ஆறு நிமிஷம் நிற்பது அவசியம். பழுது எதுவும் இல்லை.' அப்படியா?"

"ஆமா சார்."

"எண்ணெய் டப்பாவை எல்லாம் நகர்த்திப் பார்த்தீங்கன்னு சொன்னாங்களே?"

"பார்த்தேன் சார். அங்கே ஒண்ணும் இல்லை."

"அப்ப உங்க மாற்றல்?"

"கிடைக்காது சார்."



மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சைரன் ஊதப்போகிறது என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவரோ திரும்பி வந்து, தன் பேனாவின் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினார். இந்த மனிதருக்கு இவ்வளவு மெல்லப் பேசத் தெரியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பிளேடுன்னு எழுதாதீங்கம்மா, புது பிளேடு வாங்கி அனுப்பிட்டு மறுபடியும் உங்களைத்தான் கேள்வி கேப்பாங்க. பேரிங் சூடாகுதுன்னு எழுதுங்க, இந்த மிஷினுக்கு அது இப்ப எங்கேயும் கிடைக்காது. அந்தப் பெட்டியை மாட்டின அன்னைக்கே நான் யோசிச்சு வச்ச காரணம் அது."