நாற்பது நிமிட வேலை

"இந்தத் தடவையும் கோட்டை விட்டோம்னா சர்க்கரை ஆலை ஒப்பந்தம் போயிடும், வில்லியனூர் ஆபீசுக்குப் பூட்டுதான் மேடம். நாலு பேரும் சென்னைக்கு மூட்டை கட்டணும்" என்றான் அணித் தலைவன் சுகுமார்.

தடுமாறும் மென்பொருள் அணிகளைத் தேற்றி நிமிர்த்துவது வைஜெயந்தியின் தொழில்.

"எத்தினி தடவ?"

"வரிசையா ஆறு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். இன்னின்ன வேல முடிச்சுடுவோம்னு சொல்றோம். கடைசில நழுவிடுது."

உரக்கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம் அந்த ஆலைக்குச் செயலி செய்து கொடுத்தது. கரும்பு வெட்டுவதற்கான உத்தரவுக்கு விவசாயிகள் போனிலேயே பதிவு செய்யும் செயலி. அர்ச்சனாவுக்குக் கரியமாணிக்கத்தில் கைக்குழந்தை. குமரவேலுக்கு நெட்டப்பாக்கத்தில் நிலம். ஜோஸ்பின் புது வீடு கட்டிக் குடிபோய் மூன்று மாதம்தான் ஆகிறது. சென்னைக்குப் போக மூவருக்கும் மனமில்லை.

வைஜெயந்தி இரண்டு வாரம் கூடவே உட்கார்ந்தாள். பன்னிரண்டு வேலைகளை ஏழாகக் குறைத்தாள். காலைக் கூட்டத்தில் ஊர்க்கதைக்குத் தடை போட்டாள். வியாழன் மாலையே சுவரில் இருந்த மஞ்சள் சீட்டுகள் எல்லாம் 'முடிந்தது' வரிசைக்குப் போய்விட்டன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"வியாழக்கிழமை எப்பவும் முடிஞ்சுடும் மேடம்" என்றாள் அர்ச்சனா மெதுவாக. "நாளைக்கு ஆலை சர்வர்ல ஏத்தறதுதான் பாக்கி. பத்தரைலேர்ந்து பன்னெண்டுக்குள்ள ஏத்தணும்னு ஆலைல கண்டிசன். நாப்பது நிமிச வேல."

"அதுல இன்னா கஷ்டம்?"

ஆளாளுக்குப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் பத்தரை மணி. ஜோஸ்பின் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். குமரவேல் டீ சொல்லக் கீழே போனான். அர்ச்சனா வீட்டுக்குப் போன் போட்டாள். சுகுமார் சுத்தமாக இருந்த மேசையை மறுபடி சுத்தம் செய்தான். மணி பத்தே முக்கால் ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஏற்றும் பொத்தான் பக்கம் ஒருவரும் போகவில்லை.

வைஜெயந்தியின் கண் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் விழுந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் இங்க வாங்க. ராகு காலம் போவட்டும்னா உக்காந்திருக்கீங்க?"

நான்கு தலைகளும் குனிந்தன.

"கம்ப்யூட்டருக்கே ராகு காலம் பாக்கிற ஆளுங்களை இப்பதான் பாக்கறேன். யாருக்குப்பா அதுல அவ்ளோ நம்பிக்கை?"

"எனக்கு இல்ல மேடம்!" குமரவேல் பதறினான். "அர்ச்சனாக்கா கைக்கொழந்தக்காரங்க. அவங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு..."

"நானா? என்னைப் பொண்ணு பாக்க வந்ததே ராகு காலத்துலதான், நல்லாத்தானே இருக்கேன்! புதுசா வூடு கட்டினவங்க, ஜோஸ்பின் அக்கா பாப்பாங்கன்னு நெனச்சேன்."

"ஏண்டி, சர்ச்சுக்குப் போறவளுக்கு ராகு இன்னா, கேது இன்னா?" ஜோஸ்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொதல் தடவ ஏத்தப் போறப்ப, சுகுமார் சார் காலண்டர்கிட்ட போய் ரொம்ப நேரம் நின்னாரு. சாருக்கு ஆவாதுன்னு நாங்க கம்முனு இருந்துட்டோம்."

எல்லோரும் சுகுமாரைப் பார்த்தார்கள். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அடப்பாவிகளா! வீராம்பட்டினம் தேருக்கு என்னிக்கு லீவுன்னு பாத்தேன்யா! திரும்பிப் பாத்தா ஒருத்தரும் சீட்ல இல்ல. சரி, உங்களுக்கெல்லாம் ஆவாதுபோலன்னு நானும் விட்டுட்டேன்."

"ஆறு ஸ்பிரிண்ட்டா?" என்றாள் வைஜெயந்தி.

"ஆமா மேடம், ஆறு ஸ்பிரிண்ட்டா" என்றான் சுகுமார்.

அறையே சிரித்தது. குமரவேலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினொன்று ஐந்துக்குப் பொத்தானை அழுத்தினார்கள். பதினொன்றே முக்காலுக்கு 'வெற்றி' என்று பச்சை எழுத்து வந்தது. சென்னை இல்லை, மூட்டை இல்லை. அர்ச்சனா மறுபடி வீட்டுக்குப் போன் போட்டாள், இந்த முறை உண்மையாகவே விஷயம் இருந்தது.

பன்னிரண்டுக்கு ஆலையின் கணினிப் பிரிவு அதிகாரி சம்மந்தம் கூப்பிட்டார். சுகுமார் ஸ்பீக்கரில் போட்டான்.

"நேரத்துக்கு ஏத்திட்டீங்களேப்பா, வயித்துல பால வார்த்தீங்க! ஒப்பந்தம் உங்களுக்குத்தான், இப்பவே உங்க சென்னை ஆபீசுக்கும் சொல்லிடறேன். இவ்ளோ நாளும் நீங்க பன்னெண்டு அடிச்சப்புறம் ஏத்துவீங்க, அதே நேரத்துல விவசாயிங்க மொத்தமா உள்ள வருவாங்க, சர்வர் படுத்துடும்."

"அதென்னா சார், சரியா பன்னெண்டு மணிக்கு மொத்தமா வர்றாங்க?"

"வெள்ளிக்கிழமை ராகு காலத்துல எவன்யா கரும்பு வெட்டப் பதிவு பண்ணுவான்? அந்த ஒன்றரை மணி நேரம்தான் சர்வர் காலியா இருக்கும். அதான் அந்த நேரத்தைக் குடுத்தேன்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

மறுமுனையில் சம்மந்தம் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல தம்பி. ஆனா உங்களுக்கு இருந்து, மனசு சங்கடப்பட்டுடுமோன்னுதான் சொல்லாம விட்டுட்டேன்."